அம்மாட்ட கேட்டுச் சொல்லு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கே என் பேரன் தலை சீவி, பவுடர் போட்டு, திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆறு மணிக்கு அவன் அப்பா துபாயிலிருந்து கூப்பிட வேண்டும். கோர்ட் உத்தரவில் அப்படித்தான் இருந்தது: ஞாயிறுதோறும் மாலை 6 முதல் 6.30 வரை வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் தகப்பன் பிள்ளையோடு பேசலாம். அந்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு ஆறேகால் வரை இருந்து பார்த்துவிட்டு அவனே எழுந்தான். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் எழுந்து போனதை என்னால் தாங்க முடியவில்லை.

“பாத்தீங்களாப்பா, கோர்ட்டுல வந்து அப்படி அழுதாரு” என்றாள் என் மகள். நானும் மாப்பிள்ளையைத் தப்பாகத்தான் நினைத்தேன்.

நாலாவது வாரம் வேம்பாரிலிருந்து ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். என்னிடம் படித்தவன், துபாயில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். “சார், அங்க வாட்ஸ்அப்ல மெசேஜ் மட்டுந்தான் போகும், கால் போகாது. நாங்க எல்லாரும் போட்டிம்லதான் வீட்டுக்குப் பேசுதோம்” என்றான். அமீரகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வாட்ஸ்அப் அழைப்பு அங்கே தடை. மாப்பிள்ளை போட்டிம் செயலியை ஏற்றிக்கொள்ளச் சொல்லி மூன்று வாரமும் செய்தி அனுப்பியிருக்கிறார். அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கிறது. என் மகள் அந்த எண்ணை பிளாக் செய்து வைத்திருந்தாள். அவள் செய்ததற்கும் காரணம் உண்டு. ஒரே ராத்திரியில் நாற்பது செய்தி வந்த நாட்கள் இருந்தன. என் நம்பருக்கு அவர் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வழக்கு நடந்த இரண்டு வருஷமும் மாமனாரும் மருமகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவர்கள் பிரிந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்கள் இருவருடையது. விளாத்திகுளம் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, குளத்தூரில் பேரனை வளர்க்கிறவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்று. பிரிந்துபோன தாய் தகப்பனுக்கு இடையே இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்றில் பிள்ளை பேச வேண்டும். இன்னொன்றில் பெரியவர்கள் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒரே போனில், ஒரே அழைப்பில், ஒரே பிள்ளையின் வாய் வழியாக ஓடுகின்றன.

கரிசல்காட்டில் பிரிவு புதிதில்லை. ‘அத்துவிட்டாச்சு’, ‘தீத்துவிட்டாச்சு’ என்ற சொற்களை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். ஊர்க்கூட்டம் கூடும், நகை நட்டைக் கணக்குப் பார்ப்பார்கள், பிள்ளை தாய்வீட்டோடு போய்விடும். அப்புறம் தகப்பன் பிள்ளையைப் பார்ப்பது கோயில் கொடையில், இல்லையென்றால் பள்ளிக்கூட வாசலில். அப்படி வந்து நின்ற தகப்பன்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேப்ப மரத்தடியில், வெளுத்த வேட்டியோடு, பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வந்த மாதிரி நிற்பார்கள். “சார், அஞ்சு நிமிசம் பிள்ளையப் பாத்துட்டுப் போயிருதேன்.” பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்புவேன். கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, தலையைத் தடவி, “நல்லாப் படிக்கியா?” என்று கேட்பார்கள். ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் அம்மாவுக்குச் சொல்லியனுப்ப எந்தச் சேதியும் இருந்ததில்லை. பிள்ளை பொட்டலத்தோடு வகுப்புக்குத் திரும்பிவரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு துண்டு உடைத்துக் கொடுக்கும்.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. யஷிதா சாஹு வழக்கு. தாய் தகப்பன் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்தவர்கள். தாய் பிள்ளையோடு இந்தியா வந்துவிட்டார். நீதிபதிகள் தீபக் குப்தாவும் அனிருத்தா போஸும் அந்தத் தீர்ப்பில் நேரில் போய்ப் பார்க்கும் உரிமையோடு, தொடர்பு கொள்ளும் உரிமை என்ற ஒன்றையும் பேசினார்கள். பிள்ளை யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றோர் தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம் பிள்ளையோடு பேச முடிய வேண்டும், தூர தேசத்தில் இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பு உதவும் என்றார்கள். இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. பிள்ளையை நேரில் பார்க்க முடியாமல் போனவர்களுக்கெல்லாம் அப்போது போன்தான் வழியாக இருந்தது.

தினம் ஐந்து முதல் பத்து நிமிஷம் என்ற அந்த அளவை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்தது வாரம் ஒரு முறை அரை மணி நேரம். போட்டிம் ஏற்றி, அழைப்பு வர ஆரம்பித்த பிறகு நான் முற்றத்தில் இருந்தபடி கவனித்தேன். முதல் பத்து நிமிஷம் பேரன் மூச்சுவிடாமல் பேசுவான். ஆடு குட்டி போட்டது, கண்மாயில் தண்ணீர் வந்தது, வகுப்பில் எவன் எவனை அடித்தான் என்று எல்லாம் வரும். பன்னிரண்டாவது நிமிஷம் அவன் கண் தெருவுக்குப் போய்விடும். ஏழு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவுதான் பேச்சு இருக்கும். மீதி பதினெட்டு நிமிஷத்தை யார் நிரப்புவது? அங்கேதான் பெரியவர்கள் நுழைகிறார்கள்.

“ஸ்கூல் பீஸ் கட்டியாச்சான்னு அம்மாட்ட கேட்டுச் சொல்லு” என்பார் அவர். இங்கே நிலைக்கதவுக்குப் பின்னால் நின்று மகள் மெதுவாகச் சொல்வாள்: “பணம் எப்ப வருதுன்னு அப்பாட்ட கேளு.” பேரன் போனைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான். அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, “அப்பா, குட்டிக்கு இன்னும் பேரு வைக்கல” என்பான். போனை வைத்த பிறகு அம்மாவிடம், “அனுப்பிருதேன்னு சொன்னாங்க” என்பான். அவன் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் நான். சண்டை வராமல் இருக்க அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று அளந்து பேசப் பழகிக்கொண்டிருந்தான். வகுப்பில் பென்சிலைக் காணோம் என்று ஒரு பொய் சொன்னால் நான் திருத்திவிடுவேன். இந்தப் பொய்யை எப்படித் திருத்துவது? அதைச் சொல்லவைத்தது நாங்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் மாப்பிள்ளைக்குச் செய்தி போட்டேன். “மாப்ளே, பீஸ், பணம், லீவு எதுன்னாலும் பிள்ளைகிட்ட கேக்க வேண்டாம். எனக்கு எழுதுங்க.” ஒரு மணி நேரம் கழித்து, “சரி மாமா” என்று வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னை மாமா என்று எழுதியிருந்தார்.

முதலில் மூன்று பேரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்தோம். அது சரிப்பட்டு வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இரண்டு நாளுக்கு மேலாகியும் எல்லோரிடமிருந்தும் அழித்துவிடலாம், அனுப்பிய கால் மணி நேரத்துக்குள் திருத்தவும் செய்யலாம். ஒரு நாள் காலையில் பார்த்தால், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று மூன்று வரி கிடந்தது. அவர் என்ன எழுதி அழித்தாரோ! என் மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எழுதிய செய்தி தந்திருக்கக்கூடிய வேதனையைவிட அழித்த செய்தி அவளை அதிகம் அலைக்கழித்தது. குரல் பதிவு இன்னும் மோசம். ‘பணம் அனுப்பிட்டேன்’ என்ற இரண்டு வார்த்தைகூட, சொல்கிற தொண்டையைப் பொறுத்துச் சண்டையாகிவிடுகிறது.

பள்ளியில் நாங்கள் வருகைப் பதிவேடு எழுதும்போது ஒரு விதி உண்டு. அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, ஒயிட்னர் பூசக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்த எழுத்து அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். பிரிந்த பெற்றோருக்கு வேண்டியது அப்படி ஒரு பதிவேடு என்று எனக்குத் தோன்றியது.

வெளிநாட்டில் அது வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 2001-ல் ‘அவர் பேமிலி விஸர்டு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ‘டாக்கிங் பேரன்ட்ஸ்’ என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் பிரிந்த பெற்றோருக்கென்றே செய்தவை. எழுதியதை அழிக்க முடியாது. எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு முதலில் திறந்து பார்த்தார்கள் என்பது பதிவாகிவிடும். பிள்ளை எந்த நாள் யாரிடம் என்று ஒரு நாட்காட்டி, யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்று ஒரு கணக்கு, எல்லாம் ஒரே இடத்தில். முதலில் சொன்னதில், கடுஞ்சொல் எழுதினால் அனுப்புவதற்கு முன்பே எச்சரிக்கும் வசதியும் உண்டு. அங்கே பல நீதிமன்றங்கள் இதன் வழியாகத்தான் பேச வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதிவிடுகின்றன.

ஆனால் அதற்கு டாலரில் சந்தா கட்ட வேண்டும், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தமிழின் சுடுசொல்லை அந்த எச்சரிக்கைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? எங்கள் ஊரில் ஆத்திரம் உச்சிக்குப் போகும்போது வசைச்சொல் வராது, மரியாதை வரும். ‘நல்லா இருங்க’ என்பது இங்கே வாழ்த்து, அதுவே சாபமும். ‘உங்க வீட்டு வளப்பு அப்படி’ என்பதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஆகவே நாங்கள் மின்னஞ்சலுக்குப் போனோம். காசில்லை, அமீரகத்திலும் தடையில்லை, போய்ச் சேர்ந்ததைத் திரும்ப இழுக்க முடியாது, தேதியும் நேரமும் தானே விழுந்துவிடும். பழைய கணக்குகள் வேண்டாம் என்று இருவரும் இதற்கென்றே புதிதாக ஜிமெயில் தொடங்கினார்கள். தலைப்பு நாலே நாலு: பள்ளி, உடம்பு, பணம், லீவு. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். இரண்டு நாளுக்குள் பதில். பழங்கதை கூடாது. மாப்பிள்ளை பத்தாவது வரை படித்தவர். தமிழில் தட்டச்சு வராது என்றார். போனில் மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் என்று வேம்பார்ப் பையன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

முதல் மாதம் என் மகளின் கடிதங்களை அனுப்புவதற்கு முன் நான் வாங்கிப் படித்தேன். முதல் கடிதம் பதினொரு வரி. எட்டு மாதம் பட்ட பாடெல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்து, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு, “தாயி, இதுல பிள்ளைக்கு வேண்டிய வரி எதும்மா?” என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே வெட்டினாள். மிஞ்சியது இது: ‘இந்தப் பருவத்துக்கு பீஸ் 4,500 ரூபாய். 10-ம் தேதிக்குள் கட்ட வேண்டும்.’ மற்ற ஒன்பது வரியும் பொய்யில்லை. அவற்றைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

பணத்தையும் பிள்ளையின் முகத்தையும் ஒரே தராசில் வைக்கும் வழக்கத்தை இரண்டு பக்கமும் விட வேண்டும். ‘பணம் அனுப்பாத ஆளுக்குப் பிள்ளையை ஏன் காட்டணும்?’ என்று தாய் வீட்டில் கேட்கிறார்கள். ‘பிள்ளையைக் காட்டாத வீட்டுக்கு ஏன் அனுப்பணும்?’ என்று அந்தப் பக்கம் கேட்கிறார்கள். சோறும் பிள்ளையின் உரிமை, அப்பாவின் குரலும் பிள்ளையின் உரிமை. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு அது.

போன் கெடுதலும் செய்யும். அதை மறைத்துவிட்டு நான் எழுதக் கூடாது. அடித்து உதைத்த புருஷனிடமிருந்து தப்பி வந்த பெண்ணுக்கு, பிள்ளையைச் சாக்கிட்டு வரும் அழைப்பு அதே கையின் நீட்சிதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டம், 18-வது பிரிவில், மின்னணுத் தொடர்பையும் தொலைபேசித் தொடர்பையும் சேர்த்தே நீதிபதி தடை செய்யலாம் என்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் யாரும் ‘பிள்ளைக்காகப் பொறுத்துப் போ’ என்று போனை எடுத்து நீட்டக் கூடாது.

வன்முறை இல்லாத வீட்டிலும் சந்தேகம் இருக்கும். “போனைச் சுத்திக் காட்டு” என்று மாப்பிள்ளை கேட்டது ஆட்டுக்குட்டியைப் பார்க்கத்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நோட்டம் விடுவதாக என் மகளுக்குப் பட்டது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து வையுங்கள், கேஸுக்கு உதவும் என்று எங்களுக்கு ஒருவர் யோசனை சொன்னார். ஒரு ஞாயிறு அப்படிச் செய்தும் பார்த்தோம். திரையின் மேலே சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் பேரன் கேட்டான்: “தாத்தா, இது படம் பிடிக்குதா?” அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவன் ஆண்டு விழா மேடையில் ஒப்பிக்கிற மாதிரி பேசினான். அந்தப் பதிவை அன்றே அழித்துவிட்டேன். பெரியவர்கள் எழுதுவது பதிவாகட்டும், பிள்ளை பேசுவது பதிவாக வேண்டாம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டிய தாள்கள் எவ்வளவோ உண்டு. பிள்ளையின் குரல் அதில் ஒன்றாக வேண்டாம்.

இப்போது பேரன் போனைத் தன் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறான். நான் படிக்கட்டுக்குக் கீழே, அவனைப் பார்க்க முடிகிற, பேச்சுக் கேட்காத தூரத்தில் இருப்பேன். ஞாயிறு அரை மணி நேரத்தை விட்டுவிட்டு, தினமும் எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் என்று இருவரும் மின்னஞ்சலிலேயே பேசி ஒத்துக்கொண்டார்கள். நமக்கு எட்டு என்றால் துபாயில் ஆறரை. அவர் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார்.

எங்களுக்கு இது வாய்த்தது ஒரு வாத்தியார் வீட்டில் சும்மா இருந்ததாலும், வேம்பார்ப் பையன் லீவில் வந்ததாலும். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, ஒரே போனை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்க்கும் தாய்க்கும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்க்கும் தகப்பனுக்கும் யார் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்? உத்தரவுதான் சொல்ல வேண்டும். எந்தச் செயலி, எந்த எண், அங்கே எத்தனை மணி, இங்கே எத்தனை மணி, ஒரு நாள் தவறினால் அதற்கு ஈடாக எந்த நாள், போன் யார் கையில் இருக்கும், பெற்றோர் தங்களுக்குள் எதன் வழியாக எழுதிக்கொள்வார்கள் என்று எழுத ஒரு பக்கம் போதும். எங்கள் உத்தரவில் ‘வாட்ஸ்அப்’ என்று எழுதியபோது, தகப்பன் வேலை பார்க்கும் நாட்டில் அது பேசுமா என்று ஒருவர் கேட்டிருந்தால் மூன்று ஞாயிறு மிஞ்சியிருக்கும்.

இந்திய சட்ட ஆணையம் 2015 மே மாதம் கொடுத்த 257-வது அறிக்கையில், இருவரும் சேர்ந்து பிள்ளையை வளர்க்கும் முறையையும், அதற்கு முன்கூட்டியே திட்டம் எழுதிக்கொள்வதையும், சமரசத்தையும் பரிந்துரைத்தது. அது சட்டமாக வரவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. அதன்படி மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, வட்டத்துக்கு ஒரு குழு இருக்கிறது. சமரச மையத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் அந்த நாளிலேயே, அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து முன்னால் வைத்து நிரப்பவைக்கலாம். அங்கேயே இரண்டு போனிலும் செயலியை ஏற்றி, ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். அழிக்க முடியாத, தமிழில் எழுதுகிற, காசில்லாத ஒரு பதிவேட்டை அரசே செய்து கொடுத்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் கணினி படித்த பிள்ளைகளுக்கா பஞ்சம்? அந்த ஒரு பக்கத்தை நானே கையால் எழுதிவைத்திருக்கிறேன். விளாத்திகுளம் போகும் அன்று வட்டக் குழுவில் கொடுக்கப் போகிறேன்.

போன வாரம், புரட்டாசிக் கடைசியில், மழையை எதிர்பார்த்து உளுந்து விதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ‘லீவு’ என்ற தலைப்பில் மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பொங்கலுக்கு இருபது நாள் ஊருக்கு வருகிறாராம். பிள்ளையை நாலு நாள் தங்கள் ஊரில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தார். என் மகள் அதை இரண்டு நாள் வைத்திருந்தாள். இப்போதெல்லாம் என்னிடம் காட்டுவதில்லை, அன்றைக்குக் காட்டினாள். ‘மூன்று நாள். ராத்திரி அவனுக்குப் போர்வை வேண்டும். காலில் புண் இருந்தால் தண்ணீரில் விட வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். கால் மணி நேரத்தில் ‘சரி’ என்று பதில் வந்தது.

பேரனிடம் நான் சொல்லப் போனேன். மகள் தடுத்துவிட்டாள். “இருங்கப்பா. எட்டு மணிக்கு அவங்க அப்பாவே சொல்லட்டும்.”